கம்பெனி பஸ்ஸில் ஒன்பது சோகப் பாட்டு

“ஒருத்தன்கூடக் கேக்க வேணாம்டா. நான் கலைக்காகப் பாடறன், காதுக்காக இல்ல!”

ஓசூர் சிப்காட்டில் கியர் சக்கரங்களை அளந்து, தேறாததைச் சிவப்புத் தொட்டியில் போடும் முனிராஜ், கேன்டீன் எலுமிச்சை சாதத்தின் முன்னிலையில் விடுத்த பிரகடனம் இது. வயது முப்பத்து நான்கு. கிருஷ்ணகிரியில் வாடகை வீடு. அந்த வீட்டுக் குளியலறையில் ஒரு கிடாரும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் கொண்டு, இரண்டு வருடம் பாடுபட்டு ஒரு ராக் ஆல்பத்தை முடித்திருந்தார். பெயர், ‘பனிமூட்டத்தில் சிப்காட்’. ஒன்பது பாட்டு, அறுபத்தெட்டு நிமிடம். வாளியில் விழும் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நிதானமாக ஒரு கொட்டாவி விட்டு முடிக்கலாம். பாடுபொருள்: தனிமை, மழை, மறுபடியும் தனிமை.

இணையத்தில் ஏற்றிய மூன்று மாதத்தில் நாற்பத்தொரு பேர் கேட்டார்கள். அத்தனை பேரும் முதல் நிமிடத்திலேயே விடைபெற்றுவிட்டதை முனிராஜ் தினமும் ஆறு முறை சரிபார்த்தார். கலைக்காகத்தான்.

ஒரு வியாழக்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் பென்டிரைவை டிரைவர் ஆஞ்சப்பனிடம் நீட்டினார். அந்த பஸ்ஸில் பாட்டு போடும் அதிகாரம் டிரைவருடையது. மேனேஜரே ஏறினாலும் அதுதான் சட்டம்.

பாட்டு தொடங்கியதும் ஆஞ்சப்பன் பிளேயரை இரண்டு தட்டு தட்டினார். “என்னாடா இழுக்குது? வைரஸா?”

“அது அப்படித்தாண்ணா. ஸ்லோ ராக்கு.”

“செத்தது யாரு?”

சூளகிரி வருவதற்குள் நான்கு பாட்டு முடிந்து, பஸ்ஸே தூங்கிவிட்டது. “அடுத்து நான்தான்டா தூங்குவன். குத்துப் பாட்டு போட்டுக்கறன்” என்று ஆஞ்சப்பன் கையை நீட்டினார்.

“அண்ணா, உட்டுடுங்கண்ணா! கேட்டுட்டு இருக்கன்ல?”

அசெம்பிளியில் வேலை பார்க்கும் சம்பங்கி. காவேரிப்பட்டினத்துக்காரி.

“நீ இன்னும் தூங்கலையா?” என்றார் ஆஞ்சப்பன்.

“இல்லண்ணா. இதுக்கு மேல வேகமா எதனா வருமா, இல்ல கடைசி வரைக்கும் இப்படியேதானா?”

“இப்படியேதான்” என்றார் முனிராஜ், குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல.

“அப்பச் சரி.”

நான்காவது பாட்டைத் தாண்டிய முதல் மனித உயிர். முனிராஜ் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நிமிடத்துக்கு இரண்டு முறை மட்டும் திரும்பினார். கண் மூடியிருந்தால் பதறினார். விரல் தாளம் போட்டால் மூச்சு விட்டார்.

கிருஷ்ணகிரியில் பஸ் நின்றபோது, பதினொரு நிமிட ஒன்பதாவது பாட்டு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

“டேய், உன் ஸ்டாப்பு. எறங்கு.”

“காவேரிப்பட்டினத்துல கொஞ்சம் வேலையிருக்குண்ணா.”

“அங்க உனக்கு என்னா வேலை?”

பாட்டுக்கு நடுவே பேசக்கூடாது என்று உதட்டில் விரல் வைத்து, வண்டியை எடுக்கும்படி முனிராஜ் கையை மட்டும் அசைத்தார்.