என் குடோனில் மாட்டிக்கொண்ட பேத்தி

போன வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். சொந்தமாக ஆறு கம்ப்யூட்டர் வைத்திருக்கிற மனிதன், பக்கத்துப் பேட்டையான ஸ்ரீவராகத்தில் ஒரு மாமி நடத்தும் பிரவுசிங் சென்டரில், காலேஜ் பையன்களுக்குப் பின்னால் முறைக்காகக் காத்து உட்கார்ந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் பெருமை. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது பழகியிருக்குமே…

நான் படித்தது ஆறாம் வகுப்பு. இந்த மலையாள ஊரின் சாலை பஜாரில் அரிசி மூட்டை சுமந்தவன். அதே பஜாரில் அரிசி மொத்த வியாபாரம் செய்தவன். வயதான காலத்தில் கடையைக் கைமாற்றிவிட்டு பிரவுசிங் சென்டர் திறந்தபோது பஜாரே சிரித்தது. இருப்பதோ ஒரே டெலிபோன் லைன். ஆறு பேர் ஒரே நேரத்தில் இன்டர்நெட் பார்க்க வேண்டும். எப்படி முடியும்?

பிராக்ஸி என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் கேட்ட பக்கத்தை வெளியிலிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்த ஆள் கேட்டால் அந்தப் பிரதியையே நீட்டும். இதற்காகவே, ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட ஒரு பழைய 486 கம்ப்யூட்டர் பெட்டியை ஆக்கர் கடையிலிருந்து, அதாவது பழைய சாமான் கடையிலிருந்து, தூக்கி வந்தேன். பதினாறு எம்.பி. மெமரி. மூடி கிடையாது. சூடாகாமல் இருக்க மேலே ஒரு டேபிள் ஃபேன். இன்றைக்கும் அதுதான் ஆறு மிஷினுக்கும் சோறு போடுகிறது.

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்பார்கள். இதில் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது? குடோன்தானே! சரக்கு குடோனில் இருக்கும்போது மில்லுக்கு லாரி அனுப்புகிறவன் வியாபாரியா?

அப்படியே செட்டிங் போட்டேன். பிரதி கையில் இருந்தால் வெளியே போகாதே. ரீலோட் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் போகாதே. மெயில், சாட், கிரிக்கெட் ஸ்கோர் — இவற்றுக்கு மட்டும் விலக்கு. இல்லாவிட்டால் பையன்கள் என்னை உயிரோடு விடமாட்டார்கள். மற்றதெல்லாம் கேட்ட மாத்திரத்தில் வந்து விழுந்தது.

வேகத்திலும் ஒரு கஷ்டம் உண்டு. முன்பெல்லாம் ஒரு பக்கம் வந்து சேர்வதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். இப்போது வருகிறார்கள், பார்க்கிறார்கள், போகிறார்கள். என் மனைவி போன பிறகு அந்தப் பேச்சுத்தான் எனக்கு மிச்சமிருந்தது. அதையும் நானே வேகப்படுத்தி அனுப்பிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் ஒரே மகள் கோமதி அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கேதான் பேத்தி பிறந்தாள். நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. குழந்தைக்கென்று கோமதி ஒரு வெப்சைட் போட்டிருக்கிறாள். ஒரே பக்கம், ஒரே படம். தினமும் காலையில் ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போனதும் என் முதல் வேலை அந்தப் படத்தைப் பார்ப்பது. மஞ்சள் துண்டில் மல்லாந்து படுத்து, பொக்கை வாயால் சிரிக்கிற படம்.

ஞாயிற்றுக்கிழமை கோமதி ஃபோன் செய்வாள். புதுப் படம் எப்படி என்று கேட்பாள். எங்கே புதுசு, அதே துண்டுதானே என்பேன். மாற்றிவிட்டேனே என்பாள். மறுநாள் பார்ப்பேன்: அதே துண்டு, அதே பொக்கை வாய். மாதக்கணக்கில் ஞாயிறுதோறும் இதே பேச்சு. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“மோளே, நேரமில்லன்னா நேரமில்லன்னு சொல்லு. மாத்துனேன் மாத்துனேன்னு எதுக்கு?”

“நான் வெறுதே பொய் சொல்லுவேனாப்பா? உங்க மிஷின்ல என்னவோ கோளாறு.”

“என் மிஷின்லயா? இந்த சாலை பஜார்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு.”

 வைக்கிறேன்ப்பா என்றாள்.

அடுத்த ஞாயிறு ஃபோன் வரவில்லை. அப்புறம் இரண்டு மாதம் ஒரு ஞாயிறும் வரவில்லை. நான் கூப்பிடலாமே என்கிறீர்களா? நானா? காலையில் அந்தப் பொக்கை வாயைப் பார்ப்பேன், கம்ப்யூட்டரை அணைப்பேன், ஷட்டரை முழுசாகத் தூக்குவேன். அவ்வளவுதான்.

போன வாரம் மழையில் என் டெலிபோன் லைன் செத்துப்போனது. கடையைப் பூட்டினேன். சாயங்காலம் வரை வீட்டில் சும்மா இருந்து பார்த்தேன். கால் தானாக ஸ்ரீவராகத்துக்குப் போய்விட்டது. மாமிக்கு என்னைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு.

“என்ன அண்ணாச்சி, அத்தனை மிஷினை வச்சிண்டு இங்க வந்திருக்கேளே, வேவு பாக்கவா?”

லைன் இல்லை என்றேன்.

“அப்போ உக்காருங்கோ. எங்களோடது மெள்ளத்தான் வரும், கேட்டேளா. உங்களை மாதிரி பிராக்ஸி கிராக்ஸியெல்லாம் இங்க கிடையாது.”

மெள்ளத்தான் வந்தது. மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் ஒரு சோபா. பிறகு அதைப் பிடித்திருக்கிற ஒரு கை. தலை நிறைய முடி. வாயில் இரண்டு பல். கடைசியில் கால்கள்.

நிற்கிறாள்.

காலில் நான் போன வருஷம் அனுப்பிய வெள்ளித் தண்டை. வளர்கிற பிள்ளையாயிற்றே என்று ஒரு சுற்று பெரிதாகத்தான் வாங்கியிருந்தேன். அது இப்போது இறுக்கிப் பிடித்திருந்தது.

மாமி என்னவோ கேட்டார். என் தலைக்குள் குடோன் கணக்குதான் ஓடியது. அரிசி விற்றால் தீரும். தீர்ந்தால் புது லோடு வரும். என் பிராக்ஸி வைத்திருக்கிற பிரதியோ எத்தனை முறை எடுத்துக் கொடுத்தாலும் தீராதே! தீராத சரக்குக்கு நான் எந்தக் காலத்தில் லாரி அனுப்பப் போகிறேன்? கோமதி மாற்றிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். நான்தான் என் பேத்தியை ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டிருந்தேன்.

தெருமுனையில் ஒரு எஸ்.டி.டி. பூத். அங்கே அவளுக்குக் காலை நேரம். எடுத்தாள்.

“மோளே… அவ நிக்கிறா.”



“இப்பந்தான் பாத்தியளாப்பா?”

“இப்பந்தான். கோளாறு என் மிஷின்லதான்.”

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவள் திட்டவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா, அது பழைய போட்டோ. நீங்க பாக்கலைன்னதும் நான் மாத்துறதையே விட்டுட்டேன். அவ இப்போ நடக்கா.”

எத்தனை அடி நடக்கிறாள், விழுந்தால் அழுகிறாளா — எதையும் கேட்கத் தோன்றவில்லை. இந்த ஞாயிறு ஃபோன் பண்ணு என்றேன். சரிப்பா என்றாள்.

வெளியே வந்தால் மழை. பூத்துக்காரர் பில்லைக் கிழித்து நீட்டினார். அவரை எனக்கு முன்னே பின்னே தெரியாது.

“எம் பேத்தி நடக்கா” என்றேன்.

“ஆஹா, கொள்ளாமல்லோ” என்று மலையாளத்தில் மெச்சிவிட்டு அடுத்த ஆளை உள்ளே விட்டார்.

இந்த ஊரில் எனக்கு அதைச் சொல்லக் கிடைத்த முதல் ஆள் அவர். இரண்டாவது, நீங்கள்.