காதுகுத்தும் அயோடினும்

2022 மார்ச்சில் பாவாடைக்கு வயது முப்பத்தேழு. சங்கராபுரம் பக்கம் கரும்பு வெட்டுகிறவர். அந்த மாதம் சென்னையில், தைராய்டுப் புற்றுநோய்க்காகக் கதிரியக்க அயோடின் குடித்தார். ஊருக்கு அனுப்பும்போது நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னார்: "ஒரு வாரம் கொழந்தைங்களத் தூக்காதீங்க. உங்க ஒடம்புல இருந்து கதிர் வந்துக்கினே இருக்கும்."

அந்த வாரம் முடிவதற்குள் தங்கை மலர்விழியின் மகள் எழில்மதிக்குக் கல்வராயன் மலை அடிவாரக் கோயிலில் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். பாவாடையை விட்டால் வேறு மாமன் இல்லை. கழுத்தில் கட்டி எடுத்ததாக மட்டுமே தங்கையிடமும் ஊரிலும் சொல்லியிருந்தார். புற்றுநோய் என்று தெரிந்தால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்களே என்ற பயம். கிடா வெந்துகொண்டிருந்தது, ஆசாரி ஊசியோடு நின்றார். பாவாடை உட்கார்ந்தார். அழுது முடித்த குழந்தை அவர் தோளிலேயே தூங்கிப்போனாள்.

இரண்டு வருடம் கழித்து எழில்மதிக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

தன் மடிதான் காரணம் என்று பாவாடை முடிவே கட்டிவிட்டார். தங்கை தெருப்பக்கம் போவதை நிறுத்தினார். ரத்தம் கொடுக்கச் சொந்தக்காரர்கள் வேன் ஏறிய அன்று கரும்புக் கொல்லைக்குள் போய்விட்டார். புற்றுநோய் வந்தவரிடம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் எல்லாம் வெளியே வரும்.

மலர்விழி கொல்லைக்கே வந்துவிட்டாள்.

"இன்னாண்ணா, ஊசின்னா அவ்ளோ பயமா? எம்பொண்ணு டெய்லி குத்திக்கினு கெடக்குறா!"

கரும்பு வெட்டும் ஆட்கள் சிரித்தார்கள். பாவாடை கழுத்துத் துண்டை அவிழ்த்துத் தழும்பைக் காட்டினார். புற்றுநோய், அயோடின், நர்ஸ் சொன்னது எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னாலும் சொல்லி முடித்தார்.

"தெரிஞ்சுக்கினேவா உக்காந்த?"

"தெரிஞ்சுதான் மலரு."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாளு மாத்தியிருப்பேனே, பாவி."

மறுநாள் அவரை இழுத்துப்போய்க் குழந்தையின் டாக்டர் முன்னால் நிறுத்தினாள். "அந்த அயோடின நெறையக் குடிச்சவங்களுக்கே ரத்தப் புற்றுநோய் வர்றது அபூர்வம்," என்றார் டாக்டர். "மடியில இருந்த கொழந்தைக்குப் போனது ரொம்பக் கம்மி. அதனாலதான்னு சொல்ல ஒரு காரணமும் இல்ல. ஆனா நர்ஸ் சொன்னதக் கேட்டிருக்கணும்."

பாவாடையின் காதில் நின்றது அந்தக் கடைசிப் பேச்சுதான். வார்டில் எழில்மதி மொட்டைத் தலையோடு பார்த்தாள். "மாமா, ஏன் வர்ல?"

அவர் அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை அவளுக்கு முதுகில் ஊசி போடுகிறார்கள். மலர்விழியால் அதைப் பார்க்க முடியாது. குழந்தை அசையாமல் பிடித்துக்கொள்ளப் போவது பாவாடை.