குண்டு மாட்டியவன்

குளச்சல் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போவேன். வள்ளங்களின் மண்ணெண்ணெய் எஞ்சின் புகை மூக்கில் ஏறியதும் மீன் மறந்துபோகும். வெறும் பையோடு திரும்பி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வேன். என்ன செய்ய, அந்த வாடை என்னை வங்காள விரிகுடாவில் நின்ற ஒரு விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் கொண்டு விட்டுவிடுகிறது. விமானத்துக்கு ஊற்றும் எண்ணெய்க்கும் ஏறக்குறைய இதே வாடைதான்.

வங்காளதேசப் போர் நடந்துகொண்டிருந்தது. விமானத்தின் இறக்கைக்கு அடியில் குண்டு மாட்டுவது என் வேலை. அதைக் கொண்டுபோய்ப் போடுவது சாமுவேல் சாரின் வேலை. அவர் நெய்யூர் வாத்தியார் மகன்; நான் குளச்சல் கட்டுமரக்காரன் மகன். மற்ற அதிகாரிகளிடம் இங்கிலீஷில் பொழிகிறவர், நான் அவருக்கு இருக்கை பெல்ட்டை மாட்டிவிடும்போது மட்டும், "மக்கா, இன்னும் கொஞ்சம் இறுக்குடே" என்பார்.

அந்த விமானத்தில் ஒரே ஓர் இருக்கை. இரண்டு இருந்திருந்தால் பின்னால் மூட்டை மாதிரியாவது உட்கார்ந்து போயிருப்பேனே என்று தினமும் வயிறு எரிந்தேன். ஒருநாள் ஆற்றாமையில் குண்டின்மேல் சாக்பீஸால் என் பேரை எழுதிவிட்டேன். என் பேர் போயிற்று, நான் போகவில்லை.

அன்று காலை மற்ற விமானங்கள் திரும்பிவிட்டன, அவருடையது வரவில்லை. மேல்தளத்தின் ஓரத்தில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வால் கிழிந்து வந்து இறங்கினார். அதிகாரிகள் சூழ்ந்துகொள்ள, எதிரிக் கப்பல்மேல் எப்படிப் பாய்ந்தார் என்று கையைச் சரித்துக் காட்டிச் சிரித்தார். அவர்கள் கலைந்ததும் என்னிடம் வந்தார்.

"கடலு எந்திரிச்சி மூஞ்சிக்கு நேரா வருகு மக்கா. அந்தக் கப்பல்ல எல்லாவனும் ஓடுதான். ஒருத்தன் மட்டும் ஓடல. என்னையே அண்ணாந்து பாத்துட்டு நிக்கான்."

அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா?

போர் முடிந்து இருவரும் ஒன்றாகத்தான் விடுமுறையில் வந்தோம். ஆரல்வாய்மொழி தாண்டி நாகர்கோவிலில் பஸ் நின்றதும் மாலையும் மேளமும் அவரைத் தூக்கிக்கொண்டு போயின. நான் என் பெட்டியோடு அவர் பெட்டியையும் இறக்கினேன். சில நாள் கழித்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அம்மா நெய்மீனின் நடுத்துண்டை அவர் இலையில் வைத்தாள்.

"அந்தக் கப்பல்ல போட்டது ஒங்க மகன் மாட்டுன குண்டுதான் அம்மா" என்றார் அவர்.

அம்மா என்னைப் பார்த்தாள். "மாட்டத்தானே செஞ்சான்!" என்று சொல்லி அவருக்கு இன்னொரு துண்டு வைத்தாள். என் இலையில் வால்.

போன வருடம் அவரை நெய்யூரில் போய்ப் பார்த்தேன். ஞாபகமெல்லாம் போய்விட்டது என்று அவர் மகள் முன்பே சொல்லியிருந்தாள். என்னைத் தெரியவில்லை. பேச வேறு ஒன்றும் அகப்படாமல் அந்தக் காலைப்பொழுதைச் சொன்னேன். கடல் எழுந்து முகத்துக்கு நேராக வந்ததை, ஓடாமல் நின்றவனை, எல்லாம் அவர் சொன்னபடியே. வாய் பிளந்து கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒமக்குப் பயமா இல்லியா?"

விமானத்தில் போனவன் நான் என்று நினைத்துவிட்டார். இத்தனை வருடம் ஆசைப்பட்ட இருக்கையில் அவரே என்னை ஏற்றிவிட்டார். இல்லை சார், அது நீங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"பயந்துதான் போனேன் சார்" என்றேன்.

"பாவம்" என்று என் கையைத் தடவிக்கொடுத்தார்.

மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். எங்கள் கப்பலை எப்போதோ இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். அந்த விமானங்களும் இப்போது பறப்பதில்லை. பொறாமைப்பட எனக்கென்று இருந்த ஒரே மனிதரும் இல்லை.