வடிகுழாயில் செருகிய பாட்டில்

பிள்ளைகளே, விரால் தூண்டிலுக்கு இரையாகப் பொடிக் கெண்டை வேண்டும். அதைப் பிடிக்க ஒரு தண்ணீர் பாட்டிலின் தலையை அறுத்து, அதையே தலைகீழாக உள்ளே செருகி, தண்ணீர் ஓட அடியில் ஓட்டைகள் போட்டு, தவிட்டு உருண்டை வைப்பேன். நுழைந்த மீனுக்கு வெளியே வர வழி தெரியாது.

போன சம்பாவில் ஒரு சாயங்காலம், பக்கத்து வயல் சூசை அண்ணனின் நாற்றங்காலில் தண்ணீர் வடியும் குழாயின் வாயில் அந்தப் பாட்டிலைச் செருகினேன். வடிகிற தண்ணீரை எதிர்த்துக் கெண்டைகள் அங்கேதான் கூடும். அன்று காலைதான் அவர் விதை விட்டிருந்தார். பிறகு இரண்டு நாள் மழை. நான் வீட்டை விட்டு நகரவில்லை.

மூன்றாம் நாள் போனால், பாட்டிலில் பாசியும் வைக்கோலும் அடைத்து, நாற்றங்கால் குளமாக நின்றது. முளைவிட்ட விதையெல்லாம் அழுகிவிட்டது. அவசரமாகப் பாட்டிலை உருவிச் சட்டைக்குள் மறைத்தேன். பின்னாலேயே அண்ணனும் அவர் மனைவியும் வந்தார்கள். குழாயில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து, நான்தான் இப்போது திறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"குழாயத் தொறந்துட்டேன்னு சத்தியம் பண்ணாரு தம்பி. சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது, இவர நம்புனேன் பாருங்க!" என்றார் அந்த அக்கா.

"தொறந்தேன்னுதான் நெனைக்கிறேன்..." என்று அண்ணன் இழுத்தார்.

சட்டைக்குள் பாட்டில் ஈரமாக உறுத்தியது. "என் நாத்துல மிச்சம் வரும்க்கா, எடுத்துக்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி."

இப்போதெல்லாம் அண்ணன் மடையைத் திறந்துவிட்டுப் பாதி வழி போய், திரும்பி வந்து பார்க்கிறார். அன்று அவர் மறக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். உங்களிடம் சொல்லும் முன் இதை அவரிடம்தான் சொல்லியிருக்க வேண்டும்.