கழுவி வைத்த படித்துறை

டேப்புக்காரி நகராட்சியில் வரைபடம் போடுகிறவள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அளவு டேப் இருக்கும். கல்யாணமாகி வந்த வாரமே மாமியார் வீட்டு அடுப்பு மேடையை அளந்து, ஆளைக் குனிய வைத்தே கொல்லும் உயரம் என்று சொல்லி இடிக்க வைத்தவள். வாய்க்கொழுப்பு உண்டு, அதற்கேற்ற வேலையும் உண்டு.

ஆற்றோரம் ஆளுயரச் சுவர் ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் ஆறு ஓடுவதைக் கொசு வந்து சொன்னால்தான் உண்டு. சுவரை இடித்து, தண்ணீர் வரைக்கும் ஜனங்கள் உட்கார்ந்து பேச அகலப் படிகள் கட்ட வேண்டும் என்று அவள் மல்லுக்கு நின்றாள். கட்டியும் விட்டாள். யாரும் வராமல் போனால் என்ன செய்வது என்று பெரிய இன்ஜினியருக்குத்தான் பயம். திறப்பு நாளில் ஜனங்கள் இறங்கிப் புழங்கினால் சரி, இல்லாவிட்டால் மறுநாளே வேலி போட்டு மூடிவிடுவேன் என்றார்.

திறப்பு நாளன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையிலேயே ஆட்களோடு கூடவே நின்று படிகளைத் தேய்த்துக் கழுவ வைத்தாள். கல் கண்ணாடி போல மின்னியது.

மாலையில் கூட்டம் திரண்டது. திரண்ட கூட்டம் மேல்படியோடு நின்றது. சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் போல முழித்தார்கள். இன்ஜினியர் வேலிக்காரனுக்கு போன் போட்டார்.

நாத்தனார் காதோரம் வந்தாள்.

"இப்படித் தொடச்சு வச்சா எவ காலை வைப்பா அண்ணி? பாத்துட்டுப் போன்னு சொல்றாப்பல இருக்கு."

"அடிப்பாவி, காலையிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க யாரை வாயத் தொறக்க விட்டீங்க?"

டேப்புக்காரி புடவையைத் தூக்கிச் செருகினாள். விறுவிறுவென்று இறங்கி, படியோரச் சேற்றில் இரண்டு காலையும் புதைத்து எடுத்து, அதே காலோடு மேலேறி வந்தாள். நாத்தனாரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். மின்னிய கல் முழுக்கச் சேறு.

அழுக்கான பிறகுதான் அது தங்கள் இடம் என்று ஜனங்களுக்கு உறைத்தது. ஒரு கிழவர் கைத்தடியை ஊன்றி இறங்கினார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி பிள்ளையின் பாதத்தைத் தண்ணீரில் நனைத்தாள். அது வீல் என்று கத்திவிட்டுச் சிரித்தது. அப்புறம் மடை திறந்த கதைதான். இடம் பிடிக்கச் சண்டைகூட வந்துவிட்டது.

இன்ஜினியர் போனில் வேலிக்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, படியில் உட்கார்ந்திருந்த டேப்புக்காரியிடம் வந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா."

அவள் அசையவில்லை. கீழ்ப்படியைக் காட்டினாள். அது தண்ணீருக்குள் இருந்தது.

"அங்க காலியாத்தான் இருக்கு சார், போங்க."