கிடங்குக்குள் பிரித்த கார்

அமரில்லோவில் ஒரு மனிதனுக்குத் தன் காரைப் பழுது பார்க்க இடமில்லை என்றால் நம்புவீர்களா? டெக்சாஸில் எங்கு திரும்பினாலும் வெட்டவெளிதான். ஆனால் வெர்லன் டேக்கெட் குடியிருந்த அடுக்கு வீட்டில், வாசலில் நிற்கும் வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்தாலே போதும், மறுநாள் கண்ணாடியில் ஆரஞ்சு நிற எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதற்கு மறுநாள் வண்டியையே இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

வெர்லன் லாரிப் பட்டறையில் தலை நரைத்தவர். மனைவிக்கு வந்த புற்றுநோய் அவளையும் கொண்டுபோனது, வீட்டையும் கொண்டுபோனது. ஸ்பானர்களை மட்டும் அவர் விடவில்லை. தெருக்கோடியில் வரிசை வரிசையாகத் தகர அறைகள் கட்டி வாடகைக்கு விடும் கிடங்கில் ஓர் அறை எடுத்து எல்லாவற்றையும் அங்கே அடுக்கினார். பொருள் வைக்கலாம், உள்ளே வேலை பார்க்கக் கூடாது. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவி கொடுத்தார்கள்.

மகள் மார்லிஸுக்கு ஊரின் மறுகோடியில் முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அவள் கார் ஒருநாள் கொதித்து வெள்ளைப்புகை கக்கி நின்றது. எஞ்சின் தலைக்கு அடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

"ஷெட்டுல கேட்டேன் டாடி. காரோட விலையவிட ஜாஸ்தி சொல்றான்."

"அவன் கெடக்கான் திருட்டுப்பய. நான் பிரிக்கறேன். திங்கக்கிழமை நீ ஓட்டிட்டுப் போலாம்."

"எங்க வெச்சு? அந்தத் தகரப் பொட்டிக்குள்ளயா? கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க!"

"எல்லாரும்தான் போடறாங்க. மிஸ் நடீனே அவ பிரேக்க எங்கிட்டதான் மாத்திக்கிட்டா, அந்த அறைக்குள்ளயே. ஷட்டரை எறக்கி விட்டுக்கோன்னு சொல்லிக் குடுத்ததே அவதான்."

நடீன் கிடங்கு மேனேஜர். கேட்டை ஒட்டிய ஆபீசிலேயே குடியிருந்தாள். வயது அறுபதைத் தாண்டினாலும் ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் மிஸ் நடீன்.

இருந்தாலும் செய்யலாமா வேண்டாமா என்று வெர்லனுக்கு மனசு அடித்துக்கொண்டது. நாலு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மார்லிஸின் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதை நினைத்ததும் துணிந்துவிட்டார். மூடிய இடத்தில் எஞ்சினை ஓட்டினால் புகையே ஆளை முடித்துவிடும் என்று அவருக்குத் தெரியாதா? காரைத் தள்ளியே உள்ளே ஏற்றினார். ஷட்டரை இறக்கினார். கூரை பல்பைக் கழற்றி, அந்த ஹோல்டரில் ஒயர் மாட்டிக் கைவிளக்குப் போட்டுக்கொண்டு எஞ்சின் ஹெட்டைக் கழற்றினார். அதை மட்டம் தட்டி வாங்க லேத் பட்டறைக்கு எடுத்துப்போனார்.

பாழாய்ப்போன தட்டு! ரேடியேட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்த தட்டில் கீறல் இருந்திருக்கிறது. அந்தப் பச்சை நிறத் தண்ணீர் தகரத் தடுப்புக்கு அடியில் புகுந்து பக்கத்து அறைக்காரனின் அட்டைப்பெட்டிகளை நனைத்துவிட்டது. அவன் அன்றைக்குப் பார்த்துத்தானா அறையைத் திறக்க வேண்டும்! வெர்லன் திரும்பி வந்தபோது அவருடைய பூட்டுக்கு மேலே கம்பெனியின் சிவப்புப் பூட்டு தொங்கியது.

"அவன் நேரா ஹெட் ஆபீசுக்கே போன் போட்டுட்டான், வெர்லன். நான் என்ன பண்ண?" என்றாள் நடீன்.

"திங்கக்கிழமை வரைக்கும் விடுங்க, மிஸ் நடீன். மூட்டி எடுத்துட்டுப் போயிடறேன். பொண்ணு வேலைக்குப் போகணும்."

"உள்ள விட்டா எனக்கு வேலை போயிடும். இழுவை வண்டியக் கூட்டிட்டு வா, அப்பத் தொறக்கறேன்."

"உங்க பிரேக்க நான் இங்கதான மாத்துனேன்?"

"எந்த பிரேக்கு? எனக்கு யாரும் ஒண்ணும் மாத்தல."

நாக்கில் நரம்பில்லாத பேச்சு. அந்த பிரேக்கை மிதித்துத்தான் தினமும் சந்தைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள், கடன்காரி!

ஓடாத வண்டியை அடுக்கு வீட்டு வாசலில் நிறுத்த முடியாது. இழுவை வண்டிக்காரன் அதை நேரே காயலான் கடைக்கு இழுத்துப்போனான். வெர்லன் கையைக் காலைப் பிடித்து, இனி வேலை பார்ப்பதில்லை என்று மறுபடி எழுதிக் கொடுத்து, சாமான்களுக்காக அறையை மட்டும் தக்கவைத்துக்கொண்டார்.

மார்லிஸ் கூட வேலை செய்கிறவர்களின் காரில் தொற்றிக்கொண்டு கொஞ்ச நாள் போனாள். அவர்களுக்கு ஷிப்ட் மாறியது. வேலை போனது. அப்பனை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் வெர்லனுக்கு மன உறுத்தலாவது கொஞ்சம் அடங்கியிருக்கும். நடந்து போகிற தூரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினாள். கடைசியில் ஆள் எடுத்தது ஒரே ஓர் இடம். நடீனுக்குக் கிடங்கு வரிசைகளைச் சுற்றிவந்து கண்காணிக்க ஆள் வேண்டியிருந்தது.

"அவகிட்டயா போய் நிக்கப்போற?"

"வேற எவகிட்ட நிக்க, டாடி? சொல்லுங்க."



அந்தக் கோடையில் கீழ்வீட்டு ஆர்வில் வந்து, வண்டிக்கு டைனமோ மாற்ற வேண்டும், கையில் காசில்லை என்று கெஞ்சினார். சின்ன வேலைதானே என்று வெர்லனுக்குக் கை துறுதுறுத்தது. புத்தி எங்கே போனதோ, வண்டியைக் கிடங்கு அறைக்குள் விட்டு ஷட்டரை இறக்கினார். பழைய டைனமோ கையோடு வந்தபோது வெளியே தட்டுகிற சத்தம் கேட்டது. ஷட்டர் உயர்ந்தது. கம்பெனியின் நீலச் சட்டையில் மார்லிஸ் நின்றாள்.

"வண்டி உள்ள போனத நடீன் கேமராவுல பாத்துட்டா. என்னத்தான் அனுப்பியிருக்கா."

"பத்து நிமிசம் கண்ணு. மாட்டிட்டு வெளிய எடுத்துடறேன். நீ பாக்கலேன்னு சொல்லிடு."

"இதவிட்டா எனக்கு வேற வேலை கெடையாது, டாடி."

அவள் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள்.

"அத்தாட்சிக்குப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பணும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க மூஞ்சி விழ வேணாம்."

வெர்லன் தள்ளி நின்றார்.