பேக்கரியில் பத்து எண்ணும் நேரம்

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் எங்கள் வீதி முனையில் ஒரு பேக்கரி இருக்கிறது. சாயங்காலம் நாலரை மணிக்கு அங்கே டீ குடிக்க வந்தால் நீங்கள் ஒன்றைப் பார்த்துத் திகைப்பீர்கள். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், லேத் பட்டறைக்காரர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்று ஆறேழு பேர் டீ கிளாஸைப் பிடித்தபடி திடீரென்று பேச்சை நிறுத்திவிடுவார்கள். டீ மாஸ்டர் ஆற்றுகிற கையை அப்படியே வைத்துக்கொள்வார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நாலு வயதுப் பையன் ஒருவன் நிற்பான். பெட்டியைப் பார்ப்பான், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்ப்பான், தன் விரல்களைப் பார்ப்பான். ஒருவரும் அசையமாட்டார்கள். போன மாதம் புதிதாக வந்த ஒருவர், யாரோ இறந்துபோய்விட்டார்களாக்கும் என்று நினைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

அந்தப் பையன் என் மகன் ஆதவன். அந்த ஆறேழு பேரும் மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கனடாவிலும் பாரிஸிலும் இருக்கிற எங்கள் சனம் பனியைப் பற்றி எழுதுகிறார்கள். நான் தாண்டியது ஒரு சின்னக் கடல். இலங்கையில், மன்னாரில் படகு ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினேன். இறங்கிய இடத்திலும் தமிழ். அதனால் நான் புலம்பெயர்ந்தவன் என்பதைக் கனடாவில் இருக்கும் என் அண்ணனே ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும், நான் வாயைத் திறந்தால் முதல் கேள்வி, "நீங்க பாலக்காடுங்களா?" என்பதுதான். இன்னும் கொஞ்சம் தெற்கு என்று சொல்லிவிட்டு பிரஷ்ஷை எடுத்துக்கொள்வேன். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது என் தொழில். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. கவலைப்படுவதில் மட்டும் மேற்படிப்பு முடித்தவன். சாரத்தில் ஏறினால் கயிறு அறுமோ என்று கவலை. கயிறு புதிது என்றால், புதுக்கயிறு முடிச்சு நழுவுமோ என்று கவலை.

பத்து வயதில் அந்தக் கடலைத் தாண்டி அகதி முகாமுக்கு வந்தேன். அங்கே தண்ணீருக்கு வரிசை, அரிசிக்கு வரிசை, கையெழுத்துக்கு வரிசை. ஒருவரும் எங்களை அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆனால் எதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். குடத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்போது என் கை நடுங்கும். எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அது எதையும் கேட்கும்படி விடமாட்டேன் என்று அந்த வரிசையில் நின்றுதான் முடிவு செய்தேன். ஆதவன் பிறந்தபோது அதை நிறைவேற்றினேன். தாகம் வருமுன் தண்ணீர், பசி வருமுன் உரித்த வாழைப்பழம். அவன் பார்வை ஒரு பொம்மை மேல் திரும்பினால் பொம்மை அவன் மடியில் இருக்கும். என் மனைவி சுகந்தி, "பிள்ளைக்கு அப்பன் வேணும், ஹோட்டல் சர்வர் வேண்டாம்" என்பாள்.

உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் கவலைப்பட்ட நான், கவலைப்பட வேண்டிய ஒன்றைக் கோட்டைவிட்டேன். இரண்டரை வயதாகியும் ஆதவன் ஒரு சொல் கதைக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், இடுக்கியை வைப்பதுபோல என் கையை அந்தப் பொருளின் மேல் வைப்பான். என் முகத்தைப் பார்க்கமாட்டான். மிக்ஸி சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவான். பெயின்ட் நிறங்களைக் காட்டுகிற என் பழைய ஷேடு கார்டுகளைக் கொடுத்தால் மட்டும், வெளிர் மஞ்சளில் தொடங்கிக் கருநீலம் வரை தப்பில்லாமல் தரையில் அடுக்குவான். அண்ணனிடம் சொன்னேன். "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைப்பினம். நீ சும்மா பயப்பிடாத" என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அந்தப் பேச்சைக் கேட்டுப் பயப்படாமல் இருந்தேன். சுகந்திதான் கேட்கவில்லை. குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் அவனோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் விளையாடிப் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். இந்த வயதிலேயே வந்தது நல்லது என்று சொல்லி, இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி ஒரு பழைய வீட்டில் நடக்கும் பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்.

மையத்துக்கு நான் அடையாள அட்டை, பதிவுத்தாள், அதன் ஜெராக்ஸ், ஜெராக்ஸின் ஜெராக்ஸ் எல்லாம் கொண்டுபோனேன். எந்த நாடு என்று கேட்கிற கட்டம் எங்கே வரும் என்று ஃபாரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அங்கே பயிற்சி தருகிற கோமதி, தாராபுரத்துப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும், என் காகிதங்களை அப்படியே பையில் திருப்பி வைத்துவிட்டாள். "அதெல்லாம் இருக்கட்டுங்ணா. தம்பிக்கு என்னென்ன புடிக்கும்? அதை மொதல்ல சொல்லுங்" என்றாள். இந்த நாட்டில் ஒரு மேசைக்கு எதிரே உட்கார்ந்து நான் பதில் சொன்ன கேள்விகளில், சந்தோஷமாகப் பதில் சொன்ன முதல் கேள்வி அதுதான். ஷேடு கார்டு, ஃபேன், தேங்காய் பன் என்றேன்.

ஒரு வாரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கோமதி சொன்னாள்: "தம்பி கேக்கறதுக்கு நீங்க எடமே உடறதில்லீங்ணா. தாகம் வாரதுக்கு முன்னால தண்ணி வந்துருது. அப்பறம் எதுக்குங்க அவன் யாரையும் கூப்படணும்?"

அப்படியென்றால் என்னால்தான் இவன் இப்படி ஆனானா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னாள். அவன் பிறந்ததே இப்படி உலகத்தைப் பார்க்கிறவனாகத்தான்; அதை மாற்ற நாம் இங்கே வரவில்லை; அவனுக்கு வேண்டியதை இன்னொரு மனிதரிடம் சொல்ல ஒரு வழி போட்டுக் கொடுக்கத்தான் வந்திருக்கிறோம் என்றாள். பிடித்த பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்டக் கூடாது. நாம் பக்கத்தில் நிற்க வேண்டும், பத்து எண்ண வேண்டும். அந்தப் பத்துக்குள் அவன் பார்த்தாலும், சைகை காட்டினாலும், படத்தைக் கொடுத்தாலும் அந்த நிமிஷமே கொடுத்துவிட வேண்டும்.

"பிள்ளை ஏங்கிப் போவானே, தங்கச்சி" என்றேன்.

"பத்து எண்ணற நேரம் ஏங்கினா தம்பிக்கு ஒண்ணும் ஆயிராதுங்ணா. உங்களுக்குத்தான் தாங்காதாட்ட இருக்குது."

உண்மைதான். ஷேடு கார்டுக் கட்டை உயரத் தட்டில் வைத்தோம். அந்தத் தட்டில் ஏற்கெனவே எங்கள் அடையாள அட்டைகள் இருக்கும் பிஸ்கட் டின் இருந்தது. ஆதவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். நான் ஒன்று, இரண்டு என்று தொடங்கி ஒரே மூச்சில் பத்துக்குப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டேன். சுகந்தி, "ரயில் பிடிக்கவோ எண்ணுறியள்?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து அவள் எண்ணினாள். நான் அடுப்படிக்குள் போய் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கோமதி தேங்காய் பன்னைப் படம் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒட்டிப் பிய்க்கிற பட்டை வைத்து ஒரு சின்ன அட்டைப் புத்தகத்தில் ஒட்டிக் கொடுத்தாள். வீட்டில் படம் கொடுத்துப் பழகியதை வெளியாளிடமும் செய்ய வேண்டும், பேக்கரியில் படத்தைக் கொடுத்து பன் வாங்கட்டும் என்றாள். இங்கேதான் கதை சிக்கிக்கொண்டது. பேக்கரிக்காரர் பழனிச்சாமி அண்ணன் ரொம்ப நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை.

இந்தப் பக்கத்து மனிதர்களை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நாலு வயதுப் பிள்ளையையும் "வாங்க கண்ணு, உக்காருங்" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் அந்த வயதில் "இஞ்ச வாடா" மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போனாலும் நான் செருப்பைக் கழற்றுமுன் சொம்புத் தண்ணீர் வந்துவிடும். வந்தவர் தாகம் என்று வாய் திறந்து கேட்டால் அது அந்த வீட்டுக்கு இழுக்கு. அப்படிப்பட்ட மனிதர் முன்னால் போய், பிள்ளை கேட்கும்வரை கொடுக்காதீர்கள் என்றால் எப்படி இருக்கும்? நாங்கள் வாசல்படி ஏறும்போதே பன் காகிதத்தில் சுற்றித் தயாராக இருக்கும். ஆதவன் புத்தகத்தைத் தொடுமுன் அவன் கையில் பன் இருக்கும். நான் விளக்கிச் சொன்னேன். என் பேச்சு அவருக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதி பிடிக்கவில்லை. "கொழந்தைய நிக்க வெச்சுக் கேக்க உடறதுங்களா? அந்தப் பாவம் எனக்கெதுக்குங்க" என்று சொல்லி, நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்து இன்னொரு பன்னும் கொடுத்தார். ஒரு வாரத்தில் என் மகன் இரண்டு சுற்றுப் பெருத்தான். ஒரு படமும் கொடுக்கவில்லை. உள்ளுக்குள் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கேட்காமல் கொடுக்கிற ஊரை நான் சின்ன வயதிலிருந்தே தேடிக்கொண்டிருந்தவன் அல்லவா.

ஒருநாள் கோமதியே ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஒரு டீ சொன்னாள். பாதி குடித்துவிட்டு, ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்: "ஏனுங்ணா, நாளைக்கு நீங்களும் இல்லாத, இவங்கப்பாவும் இல்லாத எடத்துல தம்பிக்குப் பசிச்சா, யாருங்க குடுப்பாங்க?"

பழனிச்சாமி அண்ணன் கண்ணாடிப் பெட்டியைத் துணியால் துடைத்தார். என் கவலைப் பட்டியலில் கயிறு இருந்தது, காய்ச்சல் இருந்தது, போலீஸ் விசாரணை இருந்தது. நாங்கள் இல்லாத நாள் என்ற அந்த ஒரு வரியைத் தொடத் தைரியமில்லாமல் இத்தனை நாள் பக்கத்தைத் திருப்பாமலே வைத்திருந்தேன்.

மறுநாள் பன் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஆதவன் பெட்டி முன் நின்றான். கை நீட்டினான், கண்ணாடியில் இடித்தது. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். கோமதி சொன்னபடி நான் கையைத் தளர்த்தி வைத்துக்கொண்டேன். அவன் அலறத் தொடங்கினான். டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஒரு பன்னுக்கா கொழந்தைய இப்படி அழ உடறீங்க? நான் வாங்கித் தாரேனுங்க" என்று எழுந்தார். முகாம் வரிசையில் நடுங்கிய அதே கை எனக்கு நடுங்கியது. நானே பெட்டியைத் திறக்கப் போனேன். பழனிச்சாமி அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "இருங்க. இப்பத்தான் ஏழு ஆச்சு" என்றார்.

எட்டில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதில் பட்டை பிய்கிற சத்தம் கேட்டது. ஆதவன் படத்தைப் பிய்த்து கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தான். வைத்துவிட்டு, தள்ளியும் விட்டான், அவர் பக்கமாக.

"வாங்கிக்கங்க சாமி" என்று சொல்லி அவர் பன்னை இரண்டு கையாலும் நீட்டினார். பிறகு, முந்தின நாள் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். பெரியவர் என்ன நடந்தது என்று விசாரித்தார். பழனிச்சாமி அண்ணன், தானே இந்தப் பயிற்சியைக் கண்டுபிடித்தவர்போல ஒரே மூச்சில் எல்லாவற்றையும் விளக்கினார். மறுநாள் அந்தப் பெரியவரும் எண்ணினார். அதற்கு அடுத்த நாள் டீ மாஸ்டர். நாலரை மணி மௌனம் அப்படித்தான் வளர்ந்தது. பன் கைமாறியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். அந்தச் சத்தத்துக்கு மட்டும் ஆதவன் காதைப் பொத்துவதில்லை.

இப்போது அவன் புத்தகத்தில் முப்பது படங்களுக்கு மேல் இருக்கின்றன. ஃபேன் இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது, 'போதும்' என்பதற்கும் ஒரு படம் இருக்கிறது. அதைத்தான் என்னிடம் அதிகம் கொடுக்கிறான். மிக்ஸிக்கு இன்னும் சுருண்டுகொள்கிறான். அவன் அந்தப் பக்கம் போனபிறகு அரைக்கிறோம். குரல் வருமா என்று கோமதியிடம் கேட்பேன். வந்தாலும் வரும், வராவிட்டாலும் அவனுக்குச் சொல்ல வழி இருக்கிறது என்பாள். குரல் வந்தால் முதல் சொல் 'அப்பா'வாக இருக்க வேண்டும், அதுவும் எங்கள் ஊர் இழுவையில் இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ, "ஏனுங்" என்றார்கள். வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று பதறி, போனும் கையுமாக கேட் வரை ஓடினேன். வீதியில் ஒருவரும் இல்லை. பால்காரரா என்று வலப்பக்கம் பார்த்தேன், கொரியரா என்று இடப்பக்கம் பார்த்தேன். திரும்பி வந்தால், உள்ளே உயரத் தட்டுக்குக் கீழே ஆதவன் நின்றுகொண்டிருந்தான். கண் என் முகத்தில் இல்லை, என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தது. விரல் மேலே நீண்டிருந்தது.

"ஏனுங்ணா" என்றான். பேக்கரியில் பழனிச்சாமி அண்ணனைக் கூப்பிட்டு டீ சொல்கிறவர்களின் அதே ராகம், அதே இழுவை.

போனில் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "உன்ர மகன் உன்னை அண்ணன் எண்டெல்லோ கூப்பிடுறான். அவன் கோயம்புத்தூரான் ஆயிட்டான்டா" என்றான். நானும் சிரித்தேன். பன்னிரண்டு வருஷம் முயன்றும் என் வாயில் ஒட்டாத இந்த ஊர், கூப்பிடத் தெரியாதவன் என்று நான் பயந்த பிள்ளையின் வாயில் முதல் சொல்லாக வந்து உட்கார்ந்துவிட்டது. தட்டில் டின்னும் ஷேடு கார்டுக் கட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அந்த டின்னில் இருக்கிற காகிதங்களோடு நான் இன்னும் இந்த நாட்டிடம் வரிசையில்தான் நிற்கிறேன். என் கை இன்னும் நடுங்குகிறது. அவனுடைய நீட்டிய விரலில் நடுக்கமே இல்லை.

"என்னப்பு, இதுவோ வேணும்?" என்று எங்கள் கடற்கரைப் பேச்சில் கேட்டுக்கொண்டே கட்டை எடுத்துக் கொடுத்தேன். பிறகுதான் உறைத்தது. நான் கேட் வரை ஓடி, இரண்டு பக்கமும் பார்த்துத் திரும்பி வந்த அவ்வளவு நேரமும் அவன் அழவில்லை, இழுக்கவில்லை, அதே இடத்தில் நின்றிருக்கிறான். எப்படியும் ஒரு பத்து எண்ணுகிற நேரம் இருக்கும்.